அமெரிக்க நன்னீர் மீன்கள்: எதைப் பிடிப்பது, எதை விடுவது, எதைச் சமைப்பது

மருதத் திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு மீன் பெயர்கள் புதிதல்ல. வரால், வாளை, கெண்டை, அயிரை, ஆரல் என்று வயலிலும் குளத்திலும் துள்ளிய ஒவ்வொன்றுக்கும் சங்கப் புலவர்கள் தனிப் பெயர் சொல்லி வைத்தார்கள். அந்தப் பாடல்களை ரசிக்கிற நாம் அமெரிக்காவுக்கு வந்தபின் 'ஃபிஷ்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறோம். எடிசனிலோ ஃப்ரீமான்டிலோ பிளேனோவிலோ வசிக்கும் நம்மவரிடம், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் ஏரியில் என்ன மீன் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இந்தியக் கடையின் உறைபெட்டியில் கிடக்கும் ரோகுவும் திலாப்பியாவும்தான் அவர் நினைவுக்கு வரும்.

வேலை மாற்றங்கள் காரணமாக நியூ ஜெர்சி, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டெக்ஸாஸ் ஆகிய மூன்று இடங்களிலும் வசித்து, மூன்றிலும் தூண்டில் போட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கான கட்டுரை அல்ல இது. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளையும் ஒரு சாதாரணத் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கானது. தூண்டிலில் சிக்கிய மீனைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டுப் பழகினால் போதும் என்பது என் அனுபவம். இது இந்த நீருக்கே உரியதா, எங்கிருந்தோ வந்ததா? இதன் வயது ஏறத்தாழ என்ன? இது எதைத் தின்று வளர்ந்தது? இவற்றுக்கு விடை தெரிந்தால், கூடையில் போடுவதா தண்ணீரில் விடுவதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் சட்டம்

ஊரில் கண்மாயிலும் வாய்க்காலிலும் யாரையும் கேட்காமல் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது சற்று விசித்திரமாக இருக்கும். இங்கே மீன் பிடிக்க உரிமம் வேண்டும். நியூ ஜெர்சியில் 16 முதல் 69 வயது வரையுள்ளவர்களுக்கு நன்னீர் உரிமம் தேவை. ட்ரவுட் பிடிக்கத் தனி முத்திரையும் வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 16 வயது முதல் உரிமம் தேவை. முன்பெல்லாம் அது டிசம்பர் 31இல் காலாவதியாகிவிடும். 2023 முதல் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். டெக்ஸாஸில் 17 வயது முதல் தேவை. ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்தே பிடிப்பவர்களுக்கு உரிமம் வேண்டாம். மூன்று மாநிலங்களிலும் உரிமமில்லாமல் பிடிக்க அனுமதிக்கும் இலவச நாட்கள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே நல்ல நாள்.

எத்தனை மீன், எத்தனை அங்குலம் என்ற விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் ஏரிக்கு ஏரி மாறும், ஆண்டுதோறும் திருத்தப்படும். ஆகவே அந்த எண்களை இங்கே தரவில்லை. கிளம்புமுன் அந்தந்த மாநில மீன்வளத் துறையின் அவ்வாண்டுக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஊருக்கும் பொதுவான மூன்று

புளூகில்: தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல மீன் கிடையாது. உள்ளங்கை அகலம், தட்டையான உடல், செவுள் ஓரத்தில் கருநீலப் பொட்டு. நம்மூர் ஜிலேபிக் கெண்டையின் தம்பி என்று பார்த்தவுடன் தோன்றும். ஆனால் உறவு இல்லை. சிறிய முள், ஒரு துண்டு மண்புழு, மேலே ஒரு தக்கை, மெல்லிய தங்கூசி நரம்பு, இவ்வளவு இருந்தால் ஐந்து வயதுக் குழந்தைகூடப் பிடித்துவிடும். கோடையின் தொடக்கத்தில் கரையோர மணலில் தட்டுப் போல் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரியும். அவை இதன் கூடுகள். ஆண் மீன் காவல் நிற்கும். மஞ்சளும் மிளகாய்த் தூளும் தடவி முழுசாகப் பொரித்தால் சுவையானது. சிறியது, குறுகிய ஆயுள் கொண்டது என்பதால் உண்பதற்கும் பெரும்பாலும் பாதுகாப்பானது.

லார்ஜ்மவுத் பாஸ்: பெயருக்கேற்ற அகன்ற வாய். வாயை மூடினால் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அடையாளம் காண இதுவே எளிய வழி. பெயரில் பாஸ் இருந்தாலும் புளூகிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீர்ச்செடிகளின் ஓரத்திலும் விழுந்த மரங்களின் அடியிலும் ஒளிந்திருந்து பாயும். அமெரிக்கத் தூண்டில்காரர்களின் மோகம் முழுவதும் இதன்மேல்தான். உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். ஜார்ஜியா மாநிலத்தில் 1932இல் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 77 ஆண்டுகள் கழித்து, 2009இல், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சமன் செய்தார். ஜப்பானுக்கு இந்த மீன் அமெரிக்காவிலிருந்து போனது 1925இல். இங்கே கொண்டாடப்படும் இதே மீன், அங்கே உள்ளூர் மீன்களை அழிக்கும் அயல் இனம் என்று சட்டப் பட்டியலில் இருக்கிறது.

சேனல் கெளுத்தி: மீசையும் வழுவழுப்புத் தோலும் பார்த்தவுடன் ஊர் நினைவைக் கொண்டுவரும். இரவிலும் அந்தியிலும் அடிமண்ணில் மேயும். கோழி ஈரல், புழு, நாற்றமடிக்கும் எதுவானாலும் இரையாகும். பக்கத் துடுப்புகளிலும் முதுகுத் துடுப்பிலும் உள்ள முள்ளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். கெளுத்தி முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பதை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புளிக்குழம்புக்கு இந்த நாட்டில் இதற்கு இணையான நன்னீர் மீன் வேறில்லை.

நியூ ஜெர்சி

நியூ ஜெர்சியின் வசந்தம் ட்ரவுட்டோடு தொடங்குகிறது. வாரன் மாவட்டத்திலுள்ள பெக்வெஸ்ட் குஞ்சுப் பண்ணையில் வளர்க்கப்படும் பல லட்சம் மீன்கள் ஆண்டுதோறும் ஆறுகளிலும் பூங்காக் குளங்களிலும் விடப்படுகின்றன. எந்த வாரம் எங்கே விடுவார்கள் என்ற பட்டியலை அரசே வெளியிடும். மஸ்கனெட்கொங், பெக்வெஸ்ட், ராரிட்டன் ஆற்றின் தென்கிளை ஆகியவை பேர்போனவை.

இங்கே மூன்று ட்ரவுட்டுகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். புரூக் ட்ரவுட் மட்டுமே இந்த மண்ணுக்கு உரியது. மாநில மீனும் அதுதான். கரும்பச்சை முதுகில் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள், கீழ்த் துடுப்புகளின் முன்னோரத்தில் வெள்ளைக் கோடு. குளிர்ந்த தெளிந்த ஓடையில் மட்டுமே வாழும். பிரவுன் ட்ரவுட் ஐரோப்பியர். 1883இல் ஜெர்மனியிலிருந்து நியூ யார்க்குக்கு முட்டையாக வந்தவர். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை கொண்ட ரெயின்போ ட்ரவுட் மேற்குக் கரைவாசி. கலிஃபோர்னிய ஓடைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கிழக்கே கொண்டுவரப்பட்டது. பண்ணையிலிருந்து விடப்படும் ரெயின்போவைத் தயங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அதற்காகத்தான் விடுகிறார்கள். மலையோடையில் தானாகப் பிறந்த புரூக் ட்ரவுட் சிக்கினால் ஈரக் கையால் எடுத்துத் திரும்ப விடுங்கள். மாநிலத்தின் வடமேற்கில் வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு மண்டலத்தில் அப்படி விடுவது சட்டமும்கூட.

ட்ரவுட் நமக்கும் அவ்வளவு அந்நியமல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை வைத்து ரெயின்போவை வளர்த்தார்கள். ஆக எடிசனில் சிக்குவதும் ஊட்டி மலையில் நீந்துவதும் ஒரே இனம்.

ஏப்ரல், மே மாதங்களில் டெலாவேர் ஆற்றுக்குப் போனால் ஷாட் கிடைக்கும். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ், நம் கடற்கரைகளில் உல்லம் எனப்படும் மீன். அதற்குத் தூரத்து உறவுதான் ஷாட். அதே வெள்ளி நிறம், அதே எண்ணெய்ச் சுவை, அதே கணக்கில்லாத முள். அதைப் போலவே கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வரும். காவிரியில் 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் உல்லத்தின் வழி அடைபட்டது. டெலாவேரின் முதன்மை ஆற்றில் குறுக்கே அணையே இல்லை; மிசிசிப்பிக்குக் கிழக்கே இத்தகைய ஆறுகளில் மிக நீளமானது அதுதான். ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபிலடெல்ஃபியா அருகே கழிவுநீர் மிகுந்து, ஆற்றில் ஆக்சிஜன் அற்றுப்போய், ஷாட் கடந்துவர முடியாமல் போனது. 1972இன் தூய நீர்ச் சட்டத்தைத் தொடர்ந்து ஆறு தேறியபின் மீனும் திரும்பியது. லாம்பர்ட்வில் ஊரில் ஒரு குடும்பம் 1888 முதல் இன்றுவரை இழுவலையில் ஷாட் பிடித்து வருகிறது. ஏப்ரல் மாதம் அங்கே ஷாட் திருவிழா நடக்கும்.

இனி நம் விராலின் கதை. 2002இல் மேரிலாண்டின் கிராஃப்டன் ஊர்க் குளம் ஒன்றில் சீனத்து விரால் இனம் பெருகியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டு நாடே அலறியது. சூப்பு வைக்க நியூ யார்க் சந்தையில் உயிரோடு வாங்கப்பட்டு, பிறகு குளத்தில் விடப்பட்ட மீன்களின் வாரிசுகள் அவை. அந்த ஆண்டே விரால் குடும்பம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்யவும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லவும் மத்திய அரசு தடை விதித்தது. இப்போது அது டெலாவேர் ஆற்றிலும் இருக்கிறது. சிக்கினால் திரும்ப விடக்கூடாது. கொன்றுவிட்டு மீன்வளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம். கொன்றபின் குழம்பு வைப்பதற்குத் தடையில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: போஃபின் என்னும் அமெரிக்க மீன் பார்வைக்கு விரால் போலவே இருக்கும். வயிற்றுக்குப் பின்னாலுள்ள அடித் துடுப்பு விராலுக்கு நீளம், போஃபினுக்குக் குட்டை.

வளைகுடாப் பகுதி

நியூ ஜெர்சிக்கும் வளைகுடாப் பகுதிக்கும் தமிழர்களுக்கு முன்பே ஒரு போக்குவரத்து இருந்தது. 1869இல் கண்டம் கடக்கும் ரயில் பாதை முடிந்தது. பத்தாண்டு கழித்து, 1879இல், நியூ ஜெர்சியின் நேவசிங்க் ஆற்றில் பிடித்த சுமார் 130 சிறிய ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்களை நீர்த்தொட்டிகளில் வைத்து ரயிலேற்றி, மார்ட்டினெஸ் ஊரருகே கார்கீனெஸ் நீரிணையில் விட்டார்கள். 1882இல் சுமார் 300 மீன்கள் கொண்ட இன்னொரு தவணை. அவ்வளவுதான். 1889இல் சான் ஃபிரான்சிஸ்கோ சந்தையில் அந்த மீன் விலைக்கு வந்துவிட்டது. இன்று டெல்டாவிலும் வளைகுடாவிலும் திரியும் கோடுபோட்ட பாஸ் எல்லாம் அந்த இரண்டு ரயில் பயணங்களின் சந்ததி.

வெள்ளி உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும். வசந்தத்தில் சாக்ரமென்டோ, சான் வாக்கின் ஆறுகளில் ஏறி முட்டையிடும். கால்வாய் வழியாகத் தண்ணீரோடு இறைக்கப்பட்டு சான் லூயி நீர்த்தேக்கத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சதை வெள்ளையாக, கெட்டியாக, நம்மூர்க் கொடுவாவை நினைவூட்டும்.

ஆனால் வந்து 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் இதன் குடியுரிமை பற்றிய வழக்கு தீர்ந்தபாடில்லை. இது மண்ணின் மீனான சால்மனின் குஞ்சுகளைத் தின்கிறது, எனவே இதைப் பிடிப்பதற்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும் என்பது ஒரு தரப்பு. சால்மனை அழித்தவை அணைகளும் நீர் இறைக்கும் பம்புகளும்தான், பழியை மீன் தலையில் போடாதீர்கள் என்பது மறுதரப்பு. தளர்த்தும் யோசனை 2012இல் மாநில ஆணையத்தின் முன் வந்தது, ஆணையம் ஏற்கவில்லை. சால்மன் நிலைமையோ தேறவில்லை: 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகள் கலிஃபோர்னியாவில் சால்மன் பிடிப்பதே நிறுத்தப்பட்டது.

எதிர்த்திசையில் போனது ரெயின்போ ட்ரவுட். ஓக்லண்ட் மலையிலிருந்து இறங்கும் சான் லியாண்ட்ரோ ஓடையில் கிடைத்த மீனை வைத்துத்தான் 1855இல் கலிஃபோர்னிய ரெயின்போ அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. ரெட்வுட் வட்டாரப் பூங்காவில் அதற்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அங்கே மீன் பிடிக்கப் போகாதீர்கள், பார்த்துவிட்டு வாருங்கள். பிடிப்பதற்கு வேறு ஏரிகள் உண்டு. ஃப்ரீமான்டின் குவாரி ஏரிகள், கேஸ்ட்ரோ வேலி அருகிலுள்ள ஷபோ ஏரி, லிவர்மோர் பக்கத்து டெல் வாயே ஆகியவற்றில் குளிர்காலத்தில் ட்ரவுட்டும் கோடையில் கெளுத்தியும் விடுகிறார்கள். கிழக்கு வளைகுடாப் பூங்காக்களில் மாநில உரிமத்தோடு ஒரு நாள் சீட்டும் வாங்க வேண்டும்.

கெண்டைக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. 1872இல் ஜூலியஸ் பாப்பி என்பவர் ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனிலிருந்து கெண்டை மீன்களைக் கப்பலேற்றினார். சொனோமா வரை உயிரோடு வந்து சேர்ந்தவை 5. அவற்றின் குஞ்சுகள் நல்ல விலைக்குப் போயின. பிறகு அரசே கெண்டையை நாடெங்கும் பரப்பியது. சில பத்தாண்டுகளிலேயே அமெரிக்கர்கள் அதைக் குப்பை மீன் என்று வெறுக்கத் தொடங்கினார்கள். இதே இனம் 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது. ஆள் நடமாட்டத்துக்குக் கூச்சப்படும், வேகவைத்த மக்காச்சோளத்துக்கு மயங்கும், சிக்கினால் பலமாக இழுக்கும். வேடிக்கைக்காகப் பிடிப்பவர்களுக்கு இதைவிட மலிவான பெரிய மீன் கிடையாது.

டெக்ஸாஸ்

டெக்ஸாஸின் ஏரிகளில் பெரும்பாலானவை ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கங்கள். நம்மூர் ஏரிகளைப் போலவே மனிதர் செய்தவை. அங்கே பாஸ் ஒரு சமயம் மாதிரி. 1970களில் ஃபிளாரிடா வகைப் பாஸைக் கொண்டுவந்து விட்டதில் மீன்களின் அளவே மாறியது. மாநிலச் சாதனை 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் ஃபோர்க் ஏரியில் பிடிபட்டது. பிடித்தவர் பாஸுக்காகப் போகவே இல்லை. கிராப்பி என்னும் சிறு மீனுக்காக ஒரு பொடிமீனைக் கோத்துப் போட்டிருந்தார்.

அம்மாநிலம் 1986 முதல் 'ஷேர்லங்கர்' என்ற திட்டத்தை நடத்துகிறது. 13 பவுண்டுக்கு மேற்பட்ட பாஸைப் பிடித்தவர் அதைக் கொல்லாமல், இனப்பெருக்கக் காலத்தில் அரசுக்குக் கடனாகக் கொடுக்கலாம். பண்ணையில் முட்டை எடுத்துக் குஞ்சு பொரித்தபின் ஏரிகளில் விடுவார்கள். பெரிய மீன் என்பது பெரும்பாலும் பெண் மீன், அதிக முட்டை இடுவது என்ற எளிய உண்மைதான் இதன் அடிப்படை. டல்லாஸிலிருந்து தென்கிழக்கே ஏதன்ஸ் ஊரில் 1996இல் திறக்கப்பட்ட நன்னீர் மீன் காட்சியகத்தில் இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கெளுத்திக்கு டெக்ஸாஸ்தான் தலைநகரம். சேனல் கெளுத்தியோடு நீலக் கெளுத்தி, தட்டைத்தலைக் கெளுத்தி என மூன்று வகை. 2004இல் டெக்ஸோமா ஏரிக் கரையிலிருந்து பிடிபட்ட நீலக் கெளுத்தி 121.5 பவுண்டு, அதாவது சுமார் 55 கிலோ. அன்றைக்கு உலகச் சாதனை. அதைக் கொல்லாமல் ஏதன்ஸ் காட்சியகத்தில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்காக, டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் முதலிய பெருநகரங்களின் பூங்காக் குளங்களில் கோடையில் கெளுத்தியும் குளிர்காலத்தில் ட்ரவுட்டும் விடும் திட்டம் ஒன்று உண்டு.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெள்ளை பாஸ் கூட்டங்கூட்டமாக ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறும். ஸ்ட்ரைப்ட் பாஸின் சிறிய உறவு. ஒன்று சிக்கினால் அதே இடத்தில் இன்னும் பத்து இருக்கும். ஆஸ்டின் பக்கத்து மலைநாட்டு ஓடைகளில் குவாடலூப் பாஸ் இருக்கிறது. டெக்ஸாஸைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். 1989 முதல் மாநில மீன். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஸ்மால்மவுத் பாஸோடு கலந்து இனத்தூய்மையை இழந்து வருவதால், சிக்கினால் விட்டுவிடுவதே மரியாதை.

கடைசியாக முதலைக் கார். முதலையின் மூக்கு, கல் போன்ற செதில், எட்டடி வரை நீளம். டிரினிட்டி ஆறு இதற்குப் புகழ்பெற்றது. நீண்ட காலம் இதை வேண்டாத மீன் என்று கண்டபடி கொன்றார்கள். பல பத்தாண்டுகள் வாழ்வது, மெல்லப் பெருகுவது என்று தெரிந்தபின் 2009இல் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்று வரம்பு கட்டினார்கள். நம்மவர்கள் மறக்கக்கூடாதது ஒன்று: இதன் சினை நஞ்சு. மீன் சினை என்றாலே வறுவல் என்று நினைக்கும் வீடுகளில் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

எதை உண்பது

சான் ஹோசேயின் தெற்கே நியூ அல்மடன் என்ற பாதரசச் சுரங்கம் 1845 முதல் 1976 வரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. தங்கம் தோண்டியவர்கள் தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அதன் பாதரசத்தைப் பயன்படுத்தினார்கள். சுரங்கம் மூடிவிட்டது, பாதரசம் போகவில்லை. அல்மடன், குவாடலூப், கலேரோ நீர்த்தேக்கங்களின் மீனை யாருமே உண்ணக்கூடாது என்று அறிவிப்பு உள்ளது. பிடித்து விளையாடலாம், சமைக்கக்கூடாது. நியூ ஜெர்சியில் பசேயிக் ஆற்றின் கீழ்ப்பகுதியில், நியூவார்க்கின் பழைய ரசாயனத் தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற டையாக்சினால் இதே நிலை. பைன் காட்டு ஏரிகளின் பிக்கரல், கிழக்கு டெக்ஸாஸ் ஏரிகளின் பெரிய பாஸ் ஆகியவற்றில் பாதரசம் கூடுதல்.

பாதரசம் பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். மீனைத் தின்னும் மீனில், அதிலும் வயதானதில், அதிகம். அது சதையோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. பாதிக்கப்படுவது கருவிலுள்ள குழந்தையின் மூளையும் சிறு பிள்ளைகளின் மூளையும். அதனால்தான் அறிவிப்புகளில் கருவுறும் வயதுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பட்டியல் போடுகிறார்கள்.

பி.சி.பி., டையாக்சின் போன்றவை வேறு வகை, கொழுப்பில் தங்குபவை. அமெரிக்கர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை, தோலை உரித்து, கொழுப்பை நீக்கி, சொட்டி வடியும்படி வாட்டிச் சாப்பிடு என்பது. நம் சமையலோ நேர்மாறானது. குழம்பில் கொதிக்கும்போது கொழுப்பு எங்கேயும் போகாது. குழம்பிலேயே நின்று சோற்றோடு சேரும். தலை, ஈரல், சினை எதையும் நாம் விடுவதில்லை. ஆகவே சந்தேகத்துக்குரிய நீரின் மீனைக் குழம்பு வைக்காதீர்கள். தலையையும் உள்ளுறுப்புகளையும் எறிந்துவிடுங்கள். ஒரு நீர்நிலைக்கு அறிவிப்பு எதுவும் கிடைக்காவிட்டால், வாரத்துக்கு ஒரு வேளை மட்டும், அந்த வாரம் வேறு மீன் கிடையாது என்பது மத்திய அரசு அமைப்புகள் தரும் பொது விதி.

கவனித்தால், இனம் பெருக வேண்டும் என்ற அக்கறையும் உடல்நலம் பற்றிய அக்கறையும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. முட்டையிடும் பெரிய மீனைத்தான் ஏரிக்கு விட வேண்டும். நஞ்சு சேர்ந்திருப்பதும் அந்தப் பெரிய மீனில்தான். சிறியதைத் தின், பெரியதை விடு. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், நான் ஒரு பெரிய பாஸைத் திரும்ப விடுவதைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, கைக்கு வந்ததைத் தண்ணியில விடுறீங்க?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "அப்படின்னா சரி. எங்க மதுரையில அயிரைக்குத்தானே விலை அதிகம். ருசி எல்லாம் பொடியில இருக்கு" என்றார். அறிவியல் அறிக்கைகள் பல பக்கத்தில் சொல்வதை அத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

விடுவதற்கும் முறை உண்டு

சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றிக்கு, தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை உவமை சொன்னவர் வள்ளுவர். விழுங்கிவிட்டால் மீனுக்கு மீட்சி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று வட்ட முள் என்று ஒன்று கிடைக்கிறது. முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். இரைபோட்டுப் பிடிப்பவர்கள் அதையே வாங்குங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள்; உலர்ந்த கை அதன் உடலிலுள்ள வழுவழுப்பை எடுத்துவிடும், பிறகு நோய் தொற்றும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். புகைப்படம் வேண்டுமானால் ஒன்று போதும். நீங்கள் மூச்சடக்கி நிற்கும் நேரத்துக்குள் எடுத்து முடித்துவிடுங்கள். ஆழமாக விழுங்கியிருந்தால் இழுக்காமல் நரம்பை வாயருகே வெட்டி விடுவது மேல்.

ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு எந்த மீனையும் உயிரோடு கொண்டுபோகாதீர்கள். மிஞ்சிய இரை மீன்களையும், பிள்ளைகளுக்கு அலுத்துப்போன தொட்டி மீன்களையும் ஏரியில் கொட்டாதீர்கள். நேவசிங்கிலிருந்து வந்த 130 மீன்களும் ஹோல்ஸ்டைனிலிருந்து வந்த 5 மீன்களும் என்ன செய்தன என்று பார்த்தோம். வந்து வேரூன்றியவற்றை இனித் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அடுத்த ரயிலை நாம் ஏற்றிவிடாமல் இருக்க முடியும்.